நம் பேரேட்டிலிருந்து பினாங்கு வரை

நம் ஜமாஅத்தின் கல்விக் குழு சார்பில், 2024 டிசம்பர் இறுதி வாரத்தில் நம் முஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் பதினொரு பேரை மலேசியாவிலுள்ள பினாங்கு நகருக்கு அழைத்துச் சென்று வந்தது உறுப்பினர்கள் அறிந்ததே. பயணச் செலவின் கணக்கு இவ்வறிக்கையின் வரவு செலவுப் பகுதியில் தனியே தரப்பட்டுள்ளது. இங்கே கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறோம். உடன் சென்ற ஆசிரியர்கள் இருவரும் மாணவர்களும் ஆறு நாட்களில் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு இக்கட்டுரை ஆக்கப்பட்டது. ஆகவே இதில் 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் பதின்மூன்று பேரையும் குறிக்கும்.

பொதுக்குழுவில் இத்திட்டம் வைக்கப்பட்டபோது சிலர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டனர். வரலாறு பார்க்க வேண்டுமென்றால் இஸ்தான்புல் இல்லையா, குர்துபா இல்லையா, கெய்ரோ இல்லையா, பினாங்கில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. அதற்கு விடை நம் அலுவலக இரும்புப் பெட்டியிலேயே இருந்தது. 1920களிலிருந்து தொடங்கும் பழைய பேரேடு ஒன்று அங்கே உள்ளது. கறையான் அரித்தது போக மீதமுள்ள பக்கங்களில் 'பினாங்கு வரவு' என்ற தலைப்பு ஆண்டுதோறும் வருகிறது. சபர் போன நம் முன்னோர் உண்டியல் மூலமும் ஊர் திரும்பும் ஆட்களிடமும் கொடுத்தனுப்பிய தொகைகள் அவை. ஹவுளு கட்டியது, மினாராவுக்குச் சுண்ணாம்பு அடித்தது, ரமளான் கஞ்சி காய்ச்சியது எல்லாம் அந்த வரவில்தான். பெயருக்கு எதிரே தெருப் பெயரும் கதவிலக்கமும் எழுதும் நல்ல வழக்கம் அன்றைய கணக்குப்பிள்ளைக்கு இருந்தது. பெரும்பாலான வரிகளில் 'சூலியாத் தெரு' என்றே காணப்படுகிறது.

அந்தத் தலைப்பு 1941ஆம் ஆண்டோடு நின்று விடுகிறது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோடு என்னவென்று தெரிந்து வருவதே எங்கள் நோக்கமாயிற்று.

பயணக் குழுவில் இருந்த மாணவர் ஒருவருக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. பேரேட்டின் கடைசிப் பினாங்குப் பக்கத்தில் அவருடைய பூட்டனாரின் பெயர் இருக்கிறது. 1940இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அவர் புறப்பட்டபோது வயிற்றில் இருந்த குழந்தைதான் அம்மாணவரின் உம்மம்மா. தந்தையின் முகம் காணாதவர். 1941 நவம்பரில் வந்த கடிதமே கடைசி. அதை அவர் இன்றும் குர்ஆன் ரேஹாலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருக்கிறார். புறப்படும் முன் எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து, "வாப்பா அடங்கிய இடம் தெரிஞ்சா ஒரு பாத்திஹா ஓதிட்டு வாங்க, வாப்பா" என்று மாணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அங்கிருந்து பட்டர்வொர்த் வரை மின்சார ரயில். அதன்பின் தீவுக்குப் படகு. தீவை இணைக்க 1985 முதல் பாலம் இருக்கிறது, 2014 முதல் இரண்டாவது பாலமும் இருக்கிறது. ஆயினும் நம் முன்னோர் கடல் வழியாகத்தான் அந்நகரை முதலில் கண்டார்கள் என்பதால் நாங்களும் படகையே தேர்ந்தோம். அவர்கள் நாகையிலிருந்து ரஜூலா போன்ற கப்பல்களில் மேல்தட்டுப் பயணிகளாகப் பாயை விரித்துக்கொண்டு பல நாட்கள் சென்றார்கள். எங்களுக்குக் கடலில் கிடைத்தது கால் மணி நேரம். அதற்குள் இருவருக்குத் தலை சுற்றியது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் 1786இல் தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேய வணிகர் அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். தீவு கெடா சுல்தானுக்கு உரியது. சயாமியரின் படையெடுப்புக்கு அஞ்சிய சுல்தான், இராணுவ உதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் தீவைக் கொடுக்க முன்வந்தார். கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது, உதவியைக் கொடுக்கவில்லை. சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்றார். 1791இல் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்ற கணக்கில் உடன்படிக்கை எழுதப்பட்டது. வாய்ச்சொல்லை நம்பி நிலத்தைக் கொடுத்தவரின் கதை இது. கோட்டையின் வாசலில் இதைக் கேட்ட மாணவர் ஒருவர், "எழுத்தில் வாங்கியிருக்க வேண்டாமா சார்?" என்றார். அந்தக் கேள்வி ஆறு நாட்களும் எங்களோடு வந்தது.

லைட் வருவதற்கு முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து கெடாவுக்கும் அச்சேக்கும் மரக்கலங்கள் போய்வந்தன. துணி கொண்டுபோய் மிளகும் பாக்கும் தகரமும் கொண்டுவந்தவர்கள் நம் மரைக்காயர்கள். அவர்களை அங்கே 'சூலியா' என்றனர். அச்சொல் சோழ நாட்டோடு தொடர்புடையது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். புதிய துறைமுகத்தில் சுங்கம் இல்லை என்று கேள்விப்பட்டதும் கெடாவிலிருந்த சூலியா வணிகர்கள் தீவுக்கு வந்தனர். தீவில் ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் கடை வைத்தும் கூலி செய்தும் வாழ்கிறார்கள் என்றும், ஆண்டுதோறும் மேலும் ஆயிரக்கணக்கானோர் கப்பலில் வந்து போகிறார்கள் என்றும் லைட் 1790களில் எழுதியிருக்கிறார். நகரின் முதல் வரைபடங்களில் மலபார்த் தெரு என்றிருந்த தெருவே பின்னர் சூலியாத் தெரு ஆயிற்று. ஆங்கிலேயர் வைத்த பெயர்களைத் தவிர, தமிழர் தமக்குள் கடைத்தெரு, கிடங்குத் தெரு, படகுக்காரத் தெரு என்று தொழிலைக் கொண்டு பெயர் வைத்துக்கொண்டனர்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குச் சென்றோம். கம்பெனி அந்நாளில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை நியமித்து 'கப்பித்தான்' என்று பட்டம் கொடுத்தது. சூலியாக்களின் கப்பித்தான் காதர் முகைதீன் என்ற மரைக்காயர். 1801இல் அவருடைய முயற்சியில், அன்றைய துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத், பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலத்தை ஒதுக்கினார். கீற்றுக் கொட்டகையாக இருந்த தொழுமிடம் செங்கல் கட்டடமாயிற்று. இன்று காணும் குவிமாடங்களும் தனித்து நிற்கும் மினாராவும் 1910களில் நியூப்ரானர் என்ற கட்டடக் கலைஞர் முகலாயப் பாணியில் வரைந்து கொடுத்தவை. குத்பா மலாய் மொழியில் நடந்தது. எங்களுக்குப் புரிந்தவை அரபுச் சொற்கள் மட்டுமே. தொழுகை முடிந்து வெளியே வந்தால், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நான்கு பேர் கடையநல்லூர்த் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் வெறும் அடையாளமாக இருந்தது. இன்று அதைச் சொல்லி ஒருவரை அழைத்தால் அங்குள்ள தமிழர் மனம் புண்படும். பள்ளிவாசலின் பெயரிலும் தெருவின் பெயரிலும் மட்டும் அது பழைய மரியாதையோடு நிற்கிறது. எங்கள் மாணவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி எச்சரித்திருந்தோம்.

அந்தப் பதினெட்டு ஏக்கரைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் நம் உறுப்பினர்கள் அறிய வேண்டிய செய்தி அதில்தான் இருக்கிறது. பள்ளிவாசலைச் சுற்றிய அந்நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்தன, மையவாடியும் அமைந்தது. வாடகை வந்தது. நூறு ஆண்டுகளில் அது நகரின் நடுவே பெருமதிப்புள்ள நிலமாயிற்று. ஆனால் கப்பித்தானுக்குப் பின் முத்தவல்லி யார், வக்ஃப் எது, குடும்பச் சொத்து எது, வாடகைக் கணக்கை யாரிடம் காட்ட வேண்டும் என்பவை தெளிவாக இல்லை. வாரிசுகளுக்கும் ஜமாஅத்தாருக்கும் இடையே வழக்குகள் எழுந்தன. நீதிமன்றமோ ஆங்கிலேயருடையது. அது ஆங்கிலச் சட்டத்தின் கண்ணாடி வழியாகவே வக்ஃபைப் பார்த்தது. ஒருவர் தம் சொத்தை என்றென்றைக்கும் விற்க முடியாதபடி கட்டிவைக்க வேண்டுமானால், அது பொது அறத்துக்காக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அச்சட்டம். தம் பெயரால் ஆண்டுதோறும் கந்தூரிச் சோறு கொடுக்கும்படி உயில் எழுதிவைத்த பினாங்கு, சிங்கப்பூர் செல்வர்களின் ஏற்பாடுகளை, 'இது பொது அறமன்று' என்று 19ஆம் நூற்றாண்டு நீதிமன்றங்கள் செல்லாதவையாக்கின. ஏழைகளுக்குச் சோறு போடுவது அறமில்லையா என்று நாம் கேட்கலாம். ஆவணத்தில் ஏழை என்ற சொல்லும் தெளிவான நோக்கமும் இருந்தால் ஒரு முடிவு, இல்லையென்றால் வேறு முடிவு என்பதே நீதிமன்றத்தின் போக்கு.

நம் நாட்டிலும் இதே சிக்கல் வந்தது. குடும்பத்தார் பயன்பெறும் வக்ஃப் செல்லாது என்று 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அதை மாற்ற ஜின்னா அவர்கள் முயன்று 1913இல் வக்ஃப் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் பயன் பினாங்குக்குக் கிடைக்கவில்லை, ஏனெனில் நீரிணைக் குடியேற்றங்கள் 1867 முதலே இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு விட்டன. அங்கே நடந்தது வேறு. 1905இல் முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அரசு நியமித்த வாரியத்தின் கையில் பள்ளிவாசல் சொத்துகள் சென்றன. வாரியம் கணக்கை ஒழுங்குபடுத்தியது. இடிந்த வீடுகளை அகற்றி வாடகை தரும் கட்டடங்களை எழுப்பியது. பள்ளிவாசலின் இன்றைய பொலிவுக்கு அந்த வருமானமும் ஒரு காரணம். ஆனால் பள்ளிவாசலைச் சுற்றித் தலைமுறையாகக் குடியிருந்த எளிய மக்கள் அந்த ஒழுங்கில் இடம்பெயர்ந்தார்கள். நல்லதா கெட்டதா என்று எங்கள் மாணவர்கள் இரவு வெகுநேரம் வாதிட்டார்கள். எங்கள் கருத்து ஒன்றுதான்: ஜமாஅத்தார் தாமே கணக்கைச் சரியாக வைத்திருந்தால் அந்நியர் ஒருவர் வந்து வைக்க நேர்ந்திராது.

கப்பித்தானின் அடக்கத்தலம் பள்ளிவாசலுக்கு அருகே கம்போங் கோலம் பகுதியில் இருக்கிறது. சற்றுத் தள்ளி, சூலியாத் தெரு முனையில், நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சிறிய தர்கா உள்ளது. அடக்கம் இல்லாத நினைவிடம் அது. கடலைக் கடந்து நலமாக வந்து சேர்ந்தவர்களின் நன்றியில் எழுந்தது. அதன் சுவரில் ஒட்டியிருக்கும் சிறு கடைகளில் ஒன்றில் தொப்பி வாங்கினோம். தர்கா விஷயத்தில் நம் ஜமாஅத்திலேயே கருத்து வேறுபாடு உண்டு. அதை இக்கட்டுரையில் பேசப் போவதில்லை. வரலாற்றுச் சான்றாக அது அங்கே நிற்கிறது, அவ்வளவே.

அதே சாலையில் நடந்தால் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட ஆங்கிலேய தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி கோயில், பின்புறத் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில் ஆகியவற்றை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். சுற்றுலாக் கையேடுகள் இதை நல்லிணக்கத் தெரு என்கின்றன. நகரம் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1867 ஆகஸ்டில் பத்து நாட்கள் இதே தெருக்களில் கலவரம் நடந்தது. இரண்டு சீன இரகசியச் சங்கங்கள் மோதின. அவற்றோடு முஸ்லிம்களின் செங்கொடிச் சங்கமும் வெண்கொடிச் சங்கமும் எதிரெதிர் அணியில் சேர்ந்துகொண்டன. முஹர்ரம் ஊர்வலத்துக்காகத் தொடங்கிய கூட்டங்கள் ஆயுதம் ஏந்தும் அளவுக்குப் போய்விட்டன. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் ஒருவர் மீது ஒருவர் சுட்டார்கள். அச்சேத் தெருப் பள்ளிவாசலின் மினாராவிலுள்ள வட்டத் துளையைக் காட்டி, அது அப்போது பீரங்கிக் குண்டு பட்ட இடம் என்று சொல்கிறார்கள். அது குண்டுத் துளையோ சாளரமோ, மாணவர்கள் அதைப் படமெடுக்கத் தவறவில்லை.

1808இல் எழுந்த அந்த அச்சேத் தெருப் பள்ளிவாசலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஹஜ்ஜுக்குக் கப்பலில் சென்ற காலத்தில் சுமத்ராவிலிருந்தும் வட மலாயாவிலிருந்தும் வந்த பயணிகள் இங்கே வாரக்கணக்கில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். இரண்டாவது ஜித்தா என்றே அத்தெருவைச் சொன்னார்கள். கிதாபுக் கடைகளும் தங்கும் விடுதிகளும் நிறைந்திருந்த தெரு, 1970களில் கப்பல் நின்றதும் அமைதியாகிவிட்டது.

மூன்றாம் நாள் பேரேட்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு சூலியாத் தெருவில் கதவிலக்கம் தேடினோம். முதலில் தவறான கட்டடத்துக்குப் போய், அங்கிருந்த சீனப் பெரியவரிடம் அரை மணி நேரம் அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்த பிறகுதான் தெருவின் இலக்கங்கள் இடையில் மாறிவிட்டன என்று தெரிந்தது. அவர் பொறுமையாகத் தேநீர் கொடுத்து அனுப்பினார். எங்கள் பேரேட்டில் வரும் ஏழு இலக்கங்களில் இரண்டைத்தான் ஓரளவு உறுதியாகக் கண்டுபிடிக்க முடிந்தது. ஒன்று பூட்டியிருந்தது. மற்றொன்று இன்று வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி. நம் ஊரார் பன்னிரண்டு பேர் பாய் விரித்துப் படுத்த கிட்டங்கி அதுவென்றால், மாடிப்படியின் மரக் கைப்பிடி மட்டும் பழையது. மாணவர்கள் ஒவ்வொருவராக அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஏன் நம்மவர் அங்கு இல்லை என்பதற்குப் பின்னாலும் ஒரு சட்டம் இருக்கிறது. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை உயர்த்த முடியாதபடி 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்துவந்தது. அது 1999 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. சில வெள்ளி வாடகையில் மூன்று தலைமுறையாக இருந்த தையற்காரரும் புத்தகக் கடைக்காரரும் பாய் முடைபவரும் வெளியேறினார்கள். 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்கள் பிழைத்தன. அவற்றுக்குள் இருந்த வாழ்க்கையில் பாதி அதற்குள் புறநகருக்குப் போய்விட்டிருந்தது.

எஞ்சியவற்றில் ஒன்று சோறு. துறைமுகத் தொழிலாளிகளுக்காகக் காவடியின் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் ஆணத்தையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அந்தக் காவடித் தண்டின் மலாய்ப் பெயர்தான் 'நாசி கந்தார்' என்பதில் உள்ள கந்தார். இன்று அது மலேசியா முழுவதற்கும் சொந்தமான உணவு. எழுத்துக்கும் அந்நகரம் இடம் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாகூர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழைப் பினாங்கிலிருந்து நடத்தினார்.

இனி அந்தக் கோட்டைப் பற்றி. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். பினாங்கிலேயே பிறந்தவர், எண்பது கடந்தவர். தந்தை நம் மாவட்டத்துக்காரர். பேரேட்டு நகலை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். "1941ஆ, தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

1941 டிசம்பர் 11ஆம் நாள் காலை ஜப்பானிய விமானங்கள் நகரின் மேல் வந்தன. தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை. போர் விமானங்களைக் கண்டறியாத மக்கள், வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடி அண்ணாந்து நின்றார்கள். குண்டுகள் அந்தக் கூட்டத்தின் மேல் விழுந்தன. கடைகளும் சந்தைகளும் நெருங்கிய பகுதிகள் எரிந்தன. அடுத்த நாட்களிலும் விமானங்கள் வந்தன. டிசம்பர் நடுவில் ஆங்கிலேயர்கள் தம் இனத்தாரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டு நீங்கினார்கள். ஆள்வோரில்லாத நகரில் கோட்டைக் கொடிக்கம்பத்திலிருந்து ஆங்கிலக் கொடியை இறக்கியவர் ஒரு தமிழர். இலங்கையிலிருந்து வந்து ஆங்கில நாளிதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த சரவணமுத்து அவர்கள்தாம் அவர். உள்ளூர்ச் சமூகங்களின் பிரதிநிதிகளைச் சேர்த்துக் குழு அமைத்து, உணவுப் பங்கீட்டையும் காவலையும் கவனித்தார். எதிர்ப்பு இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலி வழியே தெரிவித்தார். 19ஆம் நாள் ஜப்பானியர் நுழைந்தார்கள். 1945 செப்டம்பர் வரை அவர்கள் ஆட்சி நடந்தது. கப்பல் இல்லை, தபால் இல்லை, உண்டியல் இல்லை. நம் கணக்குப்பிள்ளை கிழித்த கோடு அதுவே.

முதியவர் தம் தந்தை சொன்னதைச் சொன்னார். குண்டு விழுந்த நாட்களில் யார் எவர் என்று கேட்க ஆளில்லை, கிடைத்தவர்களைக் கிடைத்த இடத்தில் சேர்த்து அடக்கினார்கள், பெயர் எழுதவில்லை. பிழைத்தவர்களிலும் பலர் பின்னர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. "உங்க பூட்டனார் இதுல எதுன்னு நான் சொல்ல முடியாது, தம்பி. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்" என்றார். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதன் நேர்மையை அன்றிரவு எல்லாரும் உணர்ந்தோம்.

மறுநாள் அதிகாலை நகரின் பழைய மையவாடிக்குச் சென்றோம். பெயர் பொறித்த மீஸான் கற்கள் சில. பெயரில்லாத வெறும் கற்கள் மிகப் பல. அம்மாணவர் எந்தக் கல்லின் முன் நிற்பது என்று தெரியாமல் நடுவழியில் நின்றார். அங்கேயே எல்லாரும் நின்று, அடங்கியிருப்போர் அனைவருக்குமாக ஓதினோம். பேரேட்டின் கடைசிப் பக்கத்திலுள்ள முப்பத்தேழு பெயர்களையும் அவர் உரக்க வாசித்தார். மழை தூறியது. பாதியில் தாள் நனைந்து மை கரையத் தொடங்கவே, மற்றொரு மாணவர் தொப்பியைக் கழற்றித் தாளின் மேல் பிடித்தார்.

ஊர் திரும்பிய பின் நாங்கள் செய்த முதல் வேலை சற்று வெட்கத்துக்குரியது. அந்தப் பினாங்குக் கொடையாளர்களின் பெயர்களைப் பொறித்த கருங்கல் பலகை ஒன்று நம் பள்ளிவாசல் ஹவுளின் தெற்குச் சுவரில் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தோம். விரிவாக்கப் பணியின்போது அதன் மேல் பளிங்கு ஓடு ஒட்டப்பட்டுவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. எங்களில் மூத்தவரான ஆசிரியரும் அப்பணியில் நின்று வேலை வாங்கியவரே. தலைவர் அவர்களின் அனுமதியோடு இரண்டு ஓடுகளைப் பெயர்த்துப் பார்த்தோம். கல் இருக்கிறது. மேல் நான்கு வரிகள் தெளிவாக வாசிக்க முடிகிறது. மீதியைப் பெயர்க்கும் செலவுக்கான ஒப்புதல் வரும் பொதுக்குழுவில் கேட்கப்படும்.

மாணவரின் உம்மம்மாவிடம், இடம் தெரியவில்லை என்றே சொன்னோம். முதியவர் சொன்னவற்றையும் மறைக்கவில்லை. அவர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஊருல பாங்கு சத்தம் கேக்குமா?" என்றார். சூலியாத் தெருவின் இரு முனையிலும் கேட்கும் என்றோம். பிறகு எழுந்து சென்று, பெட்டியிலிருந்த கடிதத்தை எடுத்து வந்து, நகல் எடுத்துக்கொள்ளும்படி எங்களிடம் கொடுத்தார்.

அக்கடிதத்தின் நகலும், பேரேட்டின் பினாங்குப் பக்கங்கள் அனைத்தின் படங்களும், மாணவர்களின் குறிப்பேடும் இப்போது நம் அலுவலகத்தில் உள்ளன. மலாயா, சிங்கப்பூர், பர்மா, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து வந்த பழைய கடிதங்கள், கப்பல் சீட்டுகள், உண்டியல் ரசீதுகள், கடவுச்சீட்டுகள் வைத்திருக்கும் குடும்பத்தார் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால், அவர்கள் முன்னிலையிலேயே படமெடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே திருப்பித் தருவோம்.